விரல் நீள டாங்கிளில் வானலையைப் பிடிப்பது: மலிவான எஸ்டிஆர் ரிசீவர் வாங்கியவருக்கு முழு வழிகாட்டி

என் முதல் எஸ்டிஆர் டாங்கிள், அதாவது ரேடியோவின் வேலையில் பெரும்பகுதியைக் கணினி மென்பொருளிடம் விட்டுவிடும் குட்டி யூஎஸ்பி ரிசீவர், நான்கு மாதம் மேசை இழுப்பறையில் கிடந்தது. வாங்கிய அன்று இரவே கணினியில் செருகினேன். எஃப்எம் நிலையங்கள் கரகரவென்று கேட்டன, வேறெதுவும் கிடைக்கவில்லை. "மலிவான பொருள், இவ்வளவுதான் வரும்" என்று ஒதுக்கிவைத்துவிட்டேன். பிறகு ஒருநாள் ஆன்டெனாவை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) பட்டையைப் பாதியாகக் குறைத்தபோது, அதே டாங்கிளில் விமானிகளின் பேச்சு தெளிவாகக் கேட்டது. குறை கருவியில் இல்லை, என்னிடம் இருந்தது. அந்த நான்கு மாதம் உங்களுக்கும் வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உள்ளே என்ன இருக்கிறது

இந்த டாங்கிள்கள் கணினியில் டிஜிட்டல் தொலைக்காட்சி பார்க்கத் தயாரிக்கப்பட்டவை. ரியல்டெக் நிறுவனத்தின் ஆர்டிஎல்2832யூ என்ற சில்லு தொலைக்காட்சி சிக்னலை அவிழ்த்துக் கணினிக்குத் தரும். அதை வேறொரு நிலையில் இயக்கினால், அவிழ்க்காமலேயே பச்சைத் தரவை அப்படியே அனுப்பிவிடும் என்பது ஃபின்லாந்தைச் சேர்ந்த ஆன்டி பாலோசாரி போன்ற நிரலாளர்களின் முயற்சியால் 2012இல் பரவலாகத் தெரியவந்தது. ஆஸ்மோகாம் குழு அதற்கான திறந்தமூல நிரலை எழுதியது. தொலைக்காட்சிக்கு வந்த பொருள் அன்றிலிருந்து பொது ரிசீவராகிவிட்டது.

சில்லுக்கு முன்னால் ஒரு ட்யூனர் இருக்கிறது. பெரும்பாலும் ஆர்820டி2 அல்லது அதன் வழிவந்த ஆர்860. இது ஏறக்குறைய 24 மெகாஹெர்ட்ஸ் முதல் 1,766 மெகாஹெர்ட்ஸ் வரை எந்த இடத்தையும் தேர்ந்தெடுக்கும். அங்கே ஒரு நேரத்தில் சுமார் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள துண்டை வெட்டி எடுத்துக் கணினிக்குத் தருகிறது. சாதாரண ரேடியோ ஒரே நிலையத்தைக் கேட்கும். இது அந்த அகலத்துக்குள் உள்ள எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அள்ளிவரும், பிரித்தெடுப்பது மென்பொருளின் வேலை.

டாங்கிள் சிக்னலை நொடிக்குப் பல லட்சம் முறை அளக்கிறது. ஒவ்வொரு அளவீடும் ஒரு மாதிரி, ஒவ்வொரு மாதிரிக்கும் இரண்டு எண்களை அனுப்புகிறது. கடிகார முள்ளின் நுனி எங்கே இருக்கிறது என்று சொல்ல கிடைமட்டத் தொலைவும் செங்குத்துத் தொலைவும் தேவை அல்லவா? அதுபோலத்தான். இரண்டும் தெரிந்தால் முள் எந்தத் திசையில் சுற்றுகிறது என்பதும் தெரியும். அதனால் நடு அதிர்வெண்ணுக்கு மேலே இருக்கும் சிக்னலையும் கீழே இருப்பதையும் மென்பொருள் குழப்பிக்கொள்வதில்லை. நொடிக்கு 24 லட்சம் மாதிரிகள், மாதிரிக்கு இரண்டு பைட்டுகள் என்றால் நொடிக்கு 4.8 மெகாபைட். ஒரு மணி நேரம் முழுத் துண்டையும் பதிவுசெய்தால் 17 ஜிகாபைட்டைத் தாண்டும். ஆர்வக்கோளாறில் பதிவு பொத்தானை அழுத்திவிட்டுத் தூங்கப்போகாதீர்கள்.

அந்த எண் ஒவ்வொன்றுக்கும் எட்டு பிட்டுதான், அதாவது 256 படிகள். இதை நினைவில் வையுங்கள். கெயின் பற்றிப் பேசும்போது இந்த 256 திரும்ப வரும்.

வாங்கும்போது

மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலாவது டிசிஎக்ஸ்ஓ எனப்படும் வெப்ப ஈடுசெய்யும் படிகம். அது இல்லாத டாங்கிள் பத்து லட்சத்தில் ஐம்பது பங்குவரை தவறான இடத்தைக் காட்டலாம். 1,090 மெகாஹெர்ட்ஸில் அது 54 கிலோஹெர்ட்ஸ் பிழை. அது இருந்தால் பிழை ஒரு பங்கு அளவில் அடங்கிவிடும். இரண்டாவது உலோகக் கூடு. பிளாஸ்டிக் கூடு வெளி இரைச்சலைத் தடுக்காது. மூன்றாவது எஸ்எம்ஏ திருகு இணைப்பான். பழைய தொலைக்காட்சி டாங்கிள்களில் இருக்கும் எம்சிஎக்ஸ் இணைப்பான் நாலு முறை கழற்றி மாட்டினால் ஆட்டம் காணும்.

ஆர்டிஎல்-எஸ்டிஆர் ப்ளாக் வி3, வி4 ஆகியவை இந்த மூன்றும் உள்ளவை. இவற்றுக்குப் போலிகளும் உண்டு என்பதால் தயாரிப்பாளர் சுட்டும் விற்பனையாளரிடமே வாங்குவது நல்லது. இழுத்து நீட்டக்கூடிய இரண்டு கம்பிகள் கொண்ட டைபோல் ஆன்டெனா சேர்ந்து வரும் தொகுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். காந்த அடித்தளத்தில் நிற்கும் குட்டிக் கம்பி மட்டும் வரும் தொகுப்புக்கு ஆசைப்பட வேண்டாம்.

இவை கேட்க மட்டுமே, ஒலிபரப்ப முடியாது. ஆனால் எதைக் கேட்கலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். பொது ஒலிபரப்புகளைக் கேட்பதில் பெரும்பாலும் சிக்கல் இருக்காது. விமானப் பேச்சைக்கூடத் தடைசெய்யும் நாடுகள் உண்டு. பிறருடைய தனிப்பட்ட தகவல்தொடர்பைக் கேட்பதும் வெளியிடுவதும் பல இடங்களில் குற்றம். உங்கள் ஊர்ச் சட்டத்தை முதலில் பார்த்துவிடுங்கள்.

டிரைவரும் மென்பொருளும்

நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். விண்டோஸில் டாங்கிளைச் செருகியதும் அது தொலைக்காட்சிப் பெட்டி என்று நினைத்துத் தன் டிரைவரைப் போட்டுக்கொள்ளும். அதை மாற்ற ஸாடிக் என்ற சிறு நிரல் இருக்கிறது.

1. டாங்கிளைச் செருகிச் சிறிது நேரம் காத்திருங்கள். ஸாடிக்கை நிர்வாகி உரிமையுடன் திறந்து, ஆப்ஷன்ஸ் பட்டியலில் எல்லாக் கருவிகளையும் காட்டும் வரியைத் தேர்வுசெய்யுங்கள்.
2. பட்டியலில் "பல்க்-இன், இன்டர்ஃபேஸ்" என்று தொடங்கி "இன்டர்ஃபேஸ் 0" என்று முடியும் வரியைத் தேடுங்கள். சில கணினிகளில் அது ஆர்டிஎல்2838 என்ற எண்ணுடன் தெரியும்.
3. வலப்பக்கம் வின்யூஎஸ்பி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாற்றும் பொத்தானை அழுத்துங்கள்.

இரண்டாவது படியில் அவசரம் கூடாது. நான் ஒருமுறை வரி மாறி அழுத்தியதில் என் மவுஸின் டிரைவர் போய்விட்டது. அம்புக்குறி அசையாத திரையின் முன் உட்கார்ந்து, விசைப்பலகையை மட்டும் வைத்துக்கொண்டு அதை மீட்டெடுக்க ஒரு மாலைப்பொழுது போயிற்று. டாங்கிளைப் பிடுங்கினால் எந்த வரி மறைகிறது, செருகினால் எது திரும்ப வருகிறது என்று பாருங்கள். அதுதான் உங்கள் வரி.

லினக்ஸில் சிக்கல் வேறு விதம். கர்னலே தொலைக்காட்சி டிரைவரை ஏற்றிவிடும், அதைத் தடைப்பட்டியலில் சேர்த்தால் போதும். மேக்கில் தனி டிரைவர் தேவையில்லை. வி4 வைத்திருப்பவர்கள் அதற்கென்று புதுப்பிக்கப்பட்ட நிரலகம் உள்ள மென்பொருளையே பயன்படுத்த வேண்டும். பழையதில் எல்லாம் ஓடுவதுபோலத் தெரியும், சிக்னல் மட்டும் வராது.

மென்பொருளில் என் பரிந்துரை எஸ்டிஆர் ப்ளஸ் ப்ளஸ். இலவசம், மூன்று இயங்குதளத்திலும் ஒரே முகம். விண்டோஸ் மட்டும் பயன்படுத்துபவர்களில் பலர் எஸ்டிஆர் ஷார்ப்பை விரும்புகிறார்கள், லினக்ஸ்காரர்களுக்கு ஜிக்யூஆர்எக்ஸ் பழக்கம். எதை எடுத்தாலும் முதல் மாதம் அதிலேயே நில்லுங்கள். மென்பொருளை மாற்றிக்கொண்டே இருப்பவர் ஒன்றையும் பழகுவதில்லை.

முதல் மாலை எஃப்எம் மட்டும்

எஃப்எம் பாட்டு கேட்கவா இதை வாங்கினோம் என்று தோன்றும். இருந்தாலும் முதல் மாலையை அதற்கே கொடுங்கள். என்ன வரவேண்டும் என்று உங்களுக்கு முன்பே தெரிந்த ஒரே இடம் அதுதான்.

மூலமாக ஆர்டிஎல்-எஸ்டிஆரைத் தேர்ந்தெடுத்து, சாம்பிள் ரேட்டை (நொடிக்கு எத்தனை மாதிரிகள்) 2.4 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். 3.2 என்றும் ஒன்று பட்டியலில் இருக்கும். அதில் மாதிரிகள் தவறிப்போகும், தொடாதீர்கள். தானியங்கி கெயின் இரண்டையும் அணைத்துவிட்டு, கெயின் பட்டையை 25 டெசிபல் அளவில் நிறுத்துங்கள். பட்டை சுழியத்தில் இருப்பதைக் கவனிக்காமல் "ஒன்றுமே வரவில்லை" என்று புலம்பியவர்கள் உண்டு. இயக்கப் பொத்தானை அழுத்தி, உங்களுக்குத் தெரிந்த நிலையத்தின் அதிர்வெண்ணுக்குப் போய், முறையை டபிள்யூஎஃப்எம் (அகல எஃப்எம்) என்று மாற்றுங்கள்.

மேலே குதித்துக்கொண்டிருக்கும் கோட்டுப்படம் இந்த நொடியைக் காட்டுகிறது. அதன் கீழே அருவிபோல வழியும் வண்ணப்படம்தான் வாட்டர்ஃபால், அது கடந்த நொடிகளைக் காட்டுகிறது. இடமிருந்து வலம் அதிர்வெண், மேலிருந்து கீழ் காலம், வண்ணம் வலிமை.

ஒரு பேச்சு நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுத்து அறிவிப்பாளர் மூச்சு வாங்கும் இடத்தைப் பாருங்கள். பேசும்போது கலைந்த புதர்போல அகன்று நிற்கும் சிக்னல், நிறுத்தியதும் சட்டென்று சுருங்கி நடுவில் ஒரு கூரான கோடாகும். அதன் இரு பக்கமும் சரியாக 19 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இரண்டு சின்னக் கோடுகள் நிற்கும். அது ஸ்டீரியோ ஒலிபரப்பின் பைலட் சிக்னல். நிலையத்தின் பெயரைக் கார் ரேடியோவுக்கு அனுப்பும் ஆர்டிஎஸ் தரவு இருந்தால், 57 கிலோஹெர்ட்ஸில் இன்னும் மங்கலான தடிப்புகளும் தெரியும். காதால் கேட்டதைக் கண்ணால் பார்க்கும் அந்த அரை நொடிக்காகவே முதல் மாலையை எஃப்எம்முக்குக் கொடுக்கலாம்.

அந்த நடுக்கோட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. நிலையம் தன் அதிர்வெண்ணில்தான் நிற்கும், கோடு விலகித் தெரிந்தால் பிழை உங்கள் டாங்கிளுடையது. 100 மெகாஹெர்ட்ஸில் 100 ஹெர்ட்ஸ் விலகல் என்றால் ஒரு பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அந்த எண்ணை பிபிஎம் திருத்தப் பெட்டியில் இடலாம். ஆனால் டாங்கிள் சூடேறும்வரை கால் மணி நேரம் பொறுத்துவிட்டுப் பாருங்கள், இல்லையென்றால் திருத்தியதைத் திரும்பவும் திருத்த வேண்டிவரும்.

கெயின்: பாதிப் பிரச்சினை இங்கேதான்

விமான அலைவரிசை 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை. அங்கே போய்க் கெயினை உச்சத்துக்கு, 49.6 டெசிபலுக்கு ஏற்றினேன். விமானியின் குரலுக்குப் பதில் விளம்பரப் பாடல் கேட்டது. யாரோ சட்டவிரோதமாக ஒலிபரப்புகிறார்கள் என்றே நினைத்தேன். உண்மையில் அது பக்கத்து எஃப்எம் நிலையத்தின் ஆவி. வலுவான சிக்னல் ட்யூனரை மூழ்கடிக்கும்போது, அது இல்லாத இடங்களிலும் அதன் கலப்புகள் முளைக்கும். கெயினை 28க்குக் குறைத்ததும் பாடல் மறைந்தது. அது இருந்த இடத்திலேயே விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் குரல் மெலிதாக எழுந்தது. குறைத்ததால் கூடுதலாகக் கேட்டது!

காரணம் அந்த 256 படிகள். ஒரு பெரிய சிக்னல் 256ஐயும் நிரப்பிவிட்டால், சின்ன சிக்னலுக்கு ஒரு படிகூட மிஞ்சாது. கெயின் குறைவாக இருந்தாலும் சின்னது முதல் படியைக்கூட எட்டாது. இரண்டுக்கும் நடுவே ஒரு இடம் இருக்கிறது. அதை இப்படித் தேடலாம்: ஆன்டெனாவை மாட்டி, கெயினைக் கீழிருந்து ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். முதலில் சிக்னல் உயரும், அடியிலுள்ள இரைச்சல் தளம் அசையாது. ஒரு கட்டத்தில் இரண்டும் சேர்ந்து உயரத் தொடங்கும். அதற்கு மேல் ஏற்றுவதில் லாபம் இல்லை. இரைச்சல் தளம் திடீரென்று துள்ளினாலோ புதிய சிக்னல்கள் முளைத்தாலோ எல்லை தாண்டிவிட்டீர்கள், இரண்டு படி இறங்குங்கள்.

ஒரு சிக்னல் உண்மையா ஆவியா என்று சந்தேகம் வந்தால், கெயினைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். உண்மையானது அதே அளவு குறையும். ஆவி அதைவிட வேகமாகச் சரிந்து காணாமல் போகும். ஒவ்வொரு அலைவரிசைக்கும் சரியான கெயின் வேறு என்பதால், கண்டுபிடித்த எண்களை ஒரு தாளில் குறித்துவையுங்கள்.

ஆன்டெனா: கம்பியின் நீளமே கணக்கு

டைபோலின் ஒவ்வொரு கையும் கால் அலைநீளம் இருக்க வேண்டும். 71ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் நீளம் வரும். எஃப்எம்முக்கு 98 மெகாஹெர்ட்ஸ் என்று எடுத்தால் 72 சென்டிமீட்டர், விமானப் பேச்சுக்கு 57, 433 மெகாஹெர்ட்ஸுக்கு 16, 1,090க்கு வெறும் ஆறரை சென்டிமீட்டர். தொலைநோக்கிக் கம்பியை முழுவதும் இழுத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்க முயல்வதுதான் பொதுவான தவறு. 1,090க்கு நீளமான கம்பி உதவாது, கெடுக்கும்.

நிறுத்தும் கோணமும் முக்கியம். விமானப் பேச்சு செங்குத்துத் தளத்தில் வருகிறது, அதனால் கைகள் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக நிற்க வேண்டும். படுக்கவைத்தால் சிக்னலில் பெரும்பகுதியை இழப்பீர்கள்.

இடம் இவை எல்லாவற்றையும்விட முக்கியம். மேசை மேல், கணினித் திரைக்கும் சார்ஜருக்கும் நடுவே ஆன்டெனா வைத்தால் அவற்றின் இரைச்சலைத்தான் கேட்பீர்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரு முழம் போனாலே வித்தியாசம் தெரியும். மாடிக்குப் போனால் வேறு உலகம். நீளமான கேபிள் போடும்முன் ஒரு கணக்கு: தொகுப்புடன் வரும் மெல்லிய கேபிள் 1,000 மெகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டெசிபலை விழுங்கும். பத்து மீட்டர் போட்டால் பத்தில் ஒரு பங்கு சிக்னல்தான் வந்து சேரும். அதற்குப் பதில் யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிளால் டாங்கிளையே ஆன்டெனா அருகே கொண்டுபோகலாம், ஐந்து மீட்டருக்குள். கணினியிலிருந்து தள்ளிப்போவதால் இரைச்சலும் குறையும். இடி மின்னல் நேரத்தில் வெளி ஆன்டெனாவைக் கழற்றிவிடுங்கள்.

இரைச்சலின் மூலத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி: வாட்டர்ஃபாலைப் பார்த்தபடி வீட்டிலுள்ள சார்ஜர்கள், எல்இடி விளக்குகள் ஒவ்வொன்றாக அணைக்கச் சொல்லுங்கள். சம இடைவெளியில் நின்ற கோடுகளோ, புழுப்போல நெளிந்துகொண்டிருந்த தடமோ ஒரு நொடியில் மறையும்போது திருடன் அகப்பட்டான். ஆன்டெனாவைக் கழற்றிய பிறகும் நிற்கும் கோடுகள் டாங்கிளுக்குள்ளேயே பிறந்தவை. 28.8 மெகாஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் அப்படித்தான், அது டாங்கிளின் சொந்தக் கடிகாரம்.

இனி என்ன கேட்கலாம்

விமானப் பேச்சுக்கு முறையை ஏஎம் என்று மாற்றுங்கள். இந்தக் காலத்திலும் விமானங்கள் ஏஎம்மில் பேசுவதற்குக் காரணம் உண்டு. எஃப்எம்மில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவானவர் மற்றவரை முழுவதும் விழுங்கிவிடுவார். ஏஎம்மில் இரண்டும் கலந்து சீழ்க்கை அடிக்கும், இருவர் பேசியது எல்லோருக்கும் தெரியும். ஸ்குவெல்ச்சை (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடக்கும் வசதி) போட்டுவிட்டுப் பொறுமையாக இருங்கள். பேச்சு சில நொடிகள்தான் வரும். தரையில் இருக்கும் கோபுரத்தின் குரல் உங்களுக்குக் கேட்காவிட்டாலும் வானில் இருக்கும் விமானியின் குரல் கேட்கும், அது இயல்பு.

அடுத்து 1,090 மெகாஹெர்ட்ஸ். விமானங்கள் தம் இடத்தையும் உயரத்தையும் வேகத்தையும் தாமே அறிவிக்கும் ஏடிஎஸ்-பி சிக்னல் இது. ஒரு செய்தி 120 மைக்ரோநொடியில் முடிந்துவிடும், காதால் கேட்க எதுவும் இல்லை. டம்ப்1090 என்ற நிரல் அதை அவிழ்த்துத் தரும், அதன் பல வடிவங்கள் விமானங்களை உலாவியில் வரைபடமாகவும் காட்டும். பத்தாயிரம் மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்தின் ரேடியோ அடிவானம் 400 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. அவ்வளவு தூரம் எட்ட வானம் மறைக்காத மாடி வேண்டும். ஜன்னலோரத்தில் சில பத்துக் கிலோமீட்டர் கிடைத்தாலே மகிழ்ச்சிதான். இங்கே மட்டும் கெயினை உச்சத்திலிருந்து தொடங்கிக் குறைத்துவரலாம்.

433.92 மெகாஹெர்ட்ஸில் ஆர்டிஎல்_433 நிரலை ஓடவிட்டால் வீட்டு வெப்பமானிகள், மழைமானிகள், சில கார்களின் டயர் அழுத்த உணரிகள் எல்லாம் வரிவரியாக வந்து விழும். சில நாடுகளில் இவை 315 அல்லது 868இல் இருக்கும். பக்கத்து வீட்டு மாடியின் வெப்பநிலை உங்கள் திரையில் ஓடுவது முதலில் வேடிக்கையாகவும், பிறகு கொஞ்சம் சங்கடமாகவும் இருக்கும்.

செயற்கைக்கோள் படம் எடுக்க விரும்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல வழிகாட்டிகள் இன்னமும் அமெரிக்காவின் நோவா 15, 18, 19 வானிலைச் செயற்கைக்கோள்களிலிருந்து தொடங்கச் சொல்கின்றன. அவை மூன்றும் 2025இல் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டுவிட்டன, அவற்றுக்காகக் காத்திருக்காதீர்கள். இப்போது 137 மெகாஹெர்ட்ஸில் இருப்பவை ரஷ்யாவின் மெட்டியோர்-எம் வரிசை. 2-3, 2-4 ஆகிய இரண்டும் 137.9 அல்லது 137.1இல் எல்ஆர்பிடி என்ற டிஜிட்டல் முறையில் அனுப்புகின்றன. டைபோல் கைகளை ஒவ்வொன்றும் 53 சென்டிமீட்டராக்கி, 120 பாகை வி வடிவில் விரித்து, படுக்கையாக வடக்கு தெற்காகத் திறந்த வெளியில் வையுங்கள். கடக்கும் நேரத்தை ஜிபிரெடிக்ட் போன்ற நிரல் சொல்லும், சாட்டம்ப் அதைப் படமாக்கும். தலைக்கு மேலே போகும் கடப்புக்கு ஏறக்குறைய கால் மணி நேரம் கிடைக்கும். முதல் முறை பாதிப் படம்தான் வரும். எனக்கு மேகமும் கொஞ்சம் கடலும், மீதி கறுப்புப் பட்டையுமாக வந்தது, அதையே திரையின் பின்னணியாக வைத்திருந்தேன்.

சிற்றலைக்கு, அதாவது 24 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே போக, வி4இல் உள்ளேயே அதிர்வெண்ணை உயர்த்தித் தரும் மாற்றி இருக்கிறது. வி3இல் ட்யூனரைத் தவிர்த்துச் சில்லே நேராக அளக்கும் நேரடி மாதிரியெடுப்பு (டைரக்ட் சாம்ப்ளிங்) முறையில் க்யூ கிளையைத் தேர்வுசெய்ய வேண்டும். 14.4 மெகாஹெர்ட்ஸை நடுவாக வைத்து மேலும் கீழும் ஒன்றின்மேல் ஒன்று பிரதிபலிக்கும், குழம்பாதீர்கள். எதுவானாலும் குட்டி டைபோல் இங்கே பயன்படாது, சில மீட்டர் நீளக் கம்பி வேண்டும்.

அடுத்து எதற்குச் செலவு செய்வது

இன்னொரு டாங்கிளுக்கு வேண்டாம். எஃப்எம் கோபுரம் அருகே இருந்தால் 88 முதல் 108 வரை தடுக்கும் எஃப்எம் வடிகட்டிதான் முதல் செலவு. கெயினால் விரட்ட முடியாத ஆவிகளை அது விரட்டும். 1,090க்கோ செயற்கைக்கோளுக்கோ நீளமான கேபிள் தவிர்க்க முடியாததானால் எல்என்ஏ எனப்படும் முன்பெருக்கி இரண்டாவது செலவு. அதை டாங்கிள் பக்கத்தில் வைப்பதில் பயனில்லை, கேபிள் விழுங்கிய பிறகு பெருக்கி என்ன செய்ய? ஆன்டெனாவின் காலடியில் வையுங்கள். அதற்கு மின்சாரம் டாங்கிளின் பயாஸ் டீ வழியாக, கேபிளுக்குள்ளேயே 4.5 வோல்ட்டாகப் போகும். மென்பொருளில் அந்தப் பெட்டியைத் தேர்வுசெய்யும் முன் மறுமுனையில் உண்மையிலேயே எல்என்ஏ இருக்கிறதா என்று எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். சில ஆன்டெனாக்கள் நேர்மின்னோட்டத்துக்குக் குறுக்குச் சுற்றாக இருக்கும்.